போர்க் விட்ட இடம், கானர்ஸ் விடாத இடம்

1991 ஏப்ரலில் மான்டே கார்லோ களிமண் தரையில் பியோன் போர்க் மறுபடி ஆட வந்தார். வயது 34. ஓய்வு அறிவித்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகமே கிராஃபைட் ராக்கெட்டுக்கு மாறி வெகுகாலம் ஆன பிறகும் அவர் கையில் இருந்தது பழைய மர ராக்கெட்தான். ஸ்பெயினின் ஜோர்டி அரேஸே 6-2, 6-3 என்று அவரைத் தோற்கடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், நியூயார்க்கில், ஜிம்மி கானர்ஸ் அமெரிக்க ஓப்பன் அரையிறுதிவரை போனார். அவருக்கு வயது 39. அவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று நள்ளிரவைத் தாண்டி ஒன்றரை மணிக்கு மேல்தான் முடிந்தது.

போர்க்கைவிட ஏறத்தாழ நான்கு வயது மூத்தவர் கானர்ஸ். இருவரும் ஒரே காலத்தில் உச்சியில் இருந்தவர்கள். நேருக்கு நேர் ஆடியதில் 15-8 என்று போர்க்குக்கே மேல்கை. ஆனாலும் 1991இல் ஒருவர் முதல் சுற்றோடு திரும்பிப் போகிறார், அவரைவிட மூத்தவர் கடைசி நால்வரில் நிற்கிறார். இதை உடல் உறுதியின் வித்தியாசம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. 1970களில் போர்க்கின் உடலைவிட உறுதியான உடல் டென்னிஸில் யாருக்கும் இல்லை என்றே ஆட்டக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரும் புதியவை அல்ல. அமிர்தராஜ், போர்க், கானர்ஸ் ஆகிய மூன்று இளைஞர்களையும் சேர்த்து டென்னிஸின் 'ஏ, பி, சி' என்று 1970களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் எழுதின. சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1974 அமெரிக்க ஓப்பனில் போர்க்கை ஐந்து செட்களில் வென்றார். 1979 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் அவரைத் தோல்வியின் விளிம்புவரை கொண்டுபோய், பிறகு ஐந்தாவது செட்டில் கோட்டைவிட்டார். 1981 விம்பிள்டன் காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக 6-2, 7-5 என்று முதல் இரண்டு செட்களையும் எடுத்தார். அடுத்த மூன்றையும் கானர்ஸ் 6-4, 6-3, 6-2 என்று எடுத்துக்கொண்டார். ஆக, இந்த இருவருடைய குணத்தையும் வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்த ஒரு தமிழர் நம்மிடையே இருக்கிறார்.

அந்த 1981 விம்பிள்டன் அங்கே முடிந்துவிடவில்லை. அமிர்தராஜை அப்படி மடக்கிய கானர்ஸ் அரையிறுதியில் போர்க்கைச் சந்தித்தார். முதல் செட் 6-0, இரண்டாவது 6-4, இரண்டும் கானர்ஸுக்கு. ஐந்து ஆண்டுகளாக விம்பிள்டனில் தோற்காத சாம்பியன் முதல் செட்டில் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. பிறகு போர்க் 6-3, 6-0, 6-4 என்று திருப்பினார். முந்திய சுற்றில் கானர்ஸ் அமிர்தராஜுக்குச் செய்ததை இப்போது போர்க் கானர்ஸுக்குச் செய்தார். முகத்தில் மகிழ்ச்சியோ பதற்றமோ எதுவும் இல்லை. விம்பிள்டனில் போர்க் வென்ற கடைசி ஆட்டம் அதுதான் என்று அன்று யாருக்குத் தெரியும்?

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். போர்க் 1956இல் பிறந்தவர், ஸ்வீடனின் சோடர்டேல்யே ஊரில் வளர்ந்தவர். ஒரு மேசைப்பந்துப் போட்டியில் அப்பா பரிசாக வென்ற டென்னிஸ் ராக்கெட்தான் அவரை இந்த ஆட்டத்துக்கு இழுத்தது. 15 வயதில் டேவிஸ் கோப்பையில் ஸ்வீடனுக்காக இறங்கி, நியூசிலாந்தின் ஓனி பருனை வென்றார். 18 வயதில் பிரெஞ்சு ஓப்பன் பட்டம். 19 வயதில் ஸ்வீடனுக்கு முதல் டேவிஸ் கோப்பை. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பயிற்சியாளர் லென்னார்ட் பெர்கலினோடு ஊர் ஊராக, ஹோட்டல் ஹோட்டலாகப் போன வாழ்க்கை.

கானர்ஸ் 1952இல் அமெரிக்காவின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். அவருக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தது அம்மா குளோரியாவும் பாட்டி பெர்த்தாவும். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு பையனை உலகச் சாம்பியனாக்கிய கதை ஆண்கள் டென்னிஸில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். பிறகு கலிபோர்னியாவுக்கு வந்து பாஞ்சோ செகூராவிடம் பயின்றார், கல்லூரியில் ஆடினார், 1972இல் தொழில்முறைக்கு வந்தார். அதாவது கானர்ஸ் 19 வயதில் தொழில்முறையில் கால் வைத்த அதே ஆண்டில்தான் போர்க் 15 வயதில் டேவிஸ் கோப்பையில் இறங்கினார். இருவரின் ஓட்டமும் ஏறக்குறைய ஒரே ஆண்டில் தொடங்கியது. கானர்ஸ் கல்லூரியில் கழித்த வயதை போர்க் போட்டிக் களத்தில் செலவழித்துவிட்டார். 26 வயதில் விலகினார் என்று சொல்லும்போது, அதற்குள் பத்து ஆண்டு முழுநேர ஆட்டம் முடிந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆட்டமுறை வேறுபாடும் ஒரு காரணம்தான், ஆனால் பாதிக் காரணம். போர்க் பந்தின் மேல் கனமான டாப்ஸ்பின் ஏற்றி, வலைக்கு மேலே உயர்த்தி, கோட்டுக்குள் இறக்குவார். எதிராளி தவறு செய்யும்வரை பத்து முறை, இருபது முறை அதையே செய்வார். அதற்குக் கால் வேண்டும், மூச்சு வேண்டும், எல்லாவற்றையும்விட மனத்தை ஒரே இடத்தில் கட்டிவைக்க வேண்டும். அவருடைய ராக்கெட் நரம்புகள் 80 பவுண்டு இறுக்கத்தில் கட்டப்பட்டிருந்தன. அந்த இறுக்கம் தாங்காமல் இரவில் ஹோட்டல் அறையில் அவை தாமாகவே அறுந்துவிடும். பெர்கலின் ராக்கெட்களை ஒன்றோடொன்று தட்டி, ஒலியைக் கேட்டு, எதன் இறுக்கம் சரி என்று பிரித்து வைப்பார். விம்பிள்டன் முடியும்வரை போர்க் சவரம் செய்யமாட்டார். ஒவ்வொரு நாளும் அதே ஒழுங்கு. இப்படி ஒரு வாழ்க்கையில் தளர்ச்சிக்கு இடமே இல்லை. விட்டால் முழுதாக விட வேண்டும், இல்லையென்றால் முழுதாக இருக்க வேண்டும்.

கானர்ஸின் அடி தட்டையானது. பந்து தரையில் பட்டு எழும்பும்போதே எடுத்து, குறைந்த பின்வீச்சில், எதிராளி தந்த வேகத்தையே திருப்பித் தருவார். இடது கைக்காரர், இரட்டைக்கை பேக்ஹேண்ட். சர்வீஸ் அவருடைய பலம் அல்ல. சர்வீஸைத் திருப்புவதில்தான் அவர் அரசர். தோளை முறுக்கி வெடிக்கும் சர்வீஸ் இல்லாததால் தோள் தப்பியது, ஒரு புள்ளிக்கு இருபது அடி அடிக்கும் தேவை இல்லாததால் கால் தப்பியது என்பது என் கணிப்பு. டி2000 என்ற வில்சன் எஃகு ராக்கெட்டை, மற்றவர்கள் பயன்படுத்தச் சிரமப்பட்ட அதை, பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்தார். 1980களின் நடுவில் அதை விட்டுவிட்டுப் புதிய வகைக்கு மாறினார். போர்க் 1991இலும் மரத்தை விடவில்லை. ஒருவர் நடப்புக் காலத்தோடு தன் ஆட்டத்தையும் நகர்த்திக்கொண்டு வந்தார். மற்றவர் விட்ட ஆண்டிலேயே திரும்பி வந்து நின்றார்.

ஆனால் இந்த ஒப்பீட்டின் உயிர் வேறொன்றில் இருக்கிறது. தோல்வி இந்த இருவருக்குள்ளும் என்ன செய்தது என்பதே அது.

1980 அமெரிக்க ஓப்பன் இறுதி, 1981 விம்பிள்டன் இறுதி, 1981 அமெரிக்க ஓப்பன் இறுதி ஆகிய மூன்றிலும் போர்க் ஒரே ஆளிடம் தோற்றார், ஜான் மெக்கன்ரோவிடம். அந்த விம்பிள்டன் தோல்வியோடு அங்கே தொடர்ந்து 41 ஆட்டங்கள் வென்ற வரிசை அறுந்தது. ஆறாவது முறை கோப்பை கிடைக்காமல் போனதைவிட, தோற்றதில் தனக்கு வருத்தமே வரவில்லை என்பதுதான் தன்னை அதிரவைத்தது என்று போர்க் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த ஒப்புதல் மிகப் பெரியதாகப் படுகிறது. வருத்தம் வராதபோதே ஆட்டம் அவரைவிட்டுப் போய்விட்டது. அந்த ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியில் தோற்றதும், வலையருகே கைகுலுக்கிவிட்டு, பரிசளிப்புக்கும் நிற்காமல், பத்திரிகையாளர்களையும் பார்க்காமல் மைதானத்தைவிட்டுப் போனார். அந்தப் போட்டியின்போது அவருக்குக் கொலை மிரட்டல் வந்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நடையைப் பாதுகாப்புக் காரணம் மட்டும் விளக்கிவிடாது. அது அவருடைய கடைசி கிராண்ட்ஸ்லாம் ஆட்டம். வயது 25.

கானர்ஸை இதன் பக்கத்தில் வையுங்கள். இவான் லெண்டிலிடம் 1984 முதல் 1992 வரை தொடர்ந்து 17 முறை தோற்றார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினேழு. எட்டு ஆண்டுகள் ஒரே ஆள் எதிரே நின்று தோற்கடித்துக்கொண்டே இருக்கிறார், இவர் மறுபடி வந்து நிற்கிறார். கடைசித் தோல்வி 1992 அமெரிக்க ஓப்பனில், 40 வயதில். 1984 இறுதியிலிருந்து 1988 கோடை வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவருக்கு ஒரு பட்டம்கூட இல்லை. இறுதியாட்டங்களுக்கு வருவார், தோற்பார். ஒரு பட்டமும் வெல்லாத 1987ஆம் ஆண்டை அவர் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தில் முடித்தார். அப்போது வயது 35. இந்த ஒரு தகவலை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கோப்பை இல்லாமலே வாராவாரம் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று வந்துகொண்டிருந்தால்தான் அந்த இடம் கிடைக்கும். 160 வாரம் இடைவிடாமல் முதலிடத்தில் இருந்த ஒருவர், மொத்தமாக 268 வாரம் அங்கே இருந்த ஒருவர், நான்காம் இடத்துக்காக அப்படி ஓடினார்.

போர்க் இரண்டாம் இடத்தில் ஓர் ஆண்டு இருக்கச் சம்மதிக்கவில்லை. கானர்ஸ் எந்த இடத்திலும் இருக்கச் சம்மதித்தார், தோற்கும் ஒவ்வொரு முறையும் கொதித்தபடி. இதைப் பணிவு என்று நினைத்துவிட வேண்டாம், கானர்ஸிடம் பணிவு கிடையாது. நடுவர்களை அவர் ஏசியது அவருடைய ஆட்டவாழ்வின் அழியாத கறை. 1991 அமெரிக்க ஓப்பனில் அரங்கமே அவருக்காக எழுந்து நின்ற அதே ஆட்டத்தில்கூட, நாற்காலியில் இருந்த நடுவரைப் பார்த்து அச்சிட முடியாத சொற்களைச் சொன்னார். சண்டை போட ஓர் இடம் வேண்டும் அவருக்கு, அந்த இடம் டென்னிஸ் களம். 1978 விம்பிள்டன் இறுதியில் போர்க் அவரை 6-2, 6-2, 6-3 என்று நசுக்கினார். இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓப்பன் இறுதியில் கானர்ஸ் 6-4, 6-2, 6-2 என்று திருப்பிக் கொடுத்தார். தோல்வி அவருக்கு எரிபொருள். அதனால்தான் அது தீரவே இல்லை.

போர்க் போன பிறகு கானர்ஸுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். 1982 விம்பிள்டன் இறுதியில் மெக்கன்ரோவை ஐந்து செட்களில் வென்றார். முதல் விம்பிள்டன் பட்டத்துக்கும் இதற்கும் எட்டு ஆண்டு இடைவெளி. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அமெரிக்க ஓப்பனில் லெண்டிலை வென்றார். அவருடைய எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் மூன்று போர்க் விலகிய பின் வந்தவை. போர்க் இருந்திருந்தால் இவை கிடைத்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அமெரிக்க ஓப்பன் இறுதியில் போர்க்கை இரண்டு முறை வென்றவர் கானர்ஸ். புல்தரை, பச்சைக் களிமண் தரை, கடினத் தரை என்று மூன்று தரைகளிலும் அந்தப் பட்டத்தை வென்ற ஒரே ஆண் அவர். அங்கே இருப்பவருக்குத்தான் பட்டம். 1982இல் அவர் அங்கே இருந்தார்.

சரி, போர்க் ஏன் அங்கே இல்லை? இங்கேதான் ஆட்டக்காரரின் மனத்தைத் தாண்டி, ஆட்டத்தை நிர்வகித்தவர்களின் விதிக்கு வர வேண்டியிருக்கிறது. 1981 முடிவில் போர்க் நீண்ட ஓய்வு எடுத்துக்கொண்டார். 1982இல் குறைவாக ஆடவே விரும்பினார். ஆண்டுக்குக் குறைந்தது பத்துப் போட்டிகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எல்லாரையும் போலத் தகுதிச்சுற்று ஆடித்தான் உள்ளே வர வேண்டும் என்றது ஆண்கள் டென்னிஸ் கவுன்சில். போர்க் ஏழு என்றார். கவுன்சில் பத்து என்றது. ஐந்து முறை விம்பிள்டன், ஆறு முறை பிரெஞ்சு ஓப்பன் வென்றவர் 1982 ஏப்ரலில் மான்டே கார்லோவில் தகுதிச்சுற்று ஆடினார். முதன்மைச் சுற்றில் காலிறுதியில் யானிக் நோவாவிடம் தோற்றார். அந்த ஆண்டு விம்பிள்டனுக்கு வரவே இல்லை. 1983 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

கவுன்சிலின் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் பெரிய ஆட்டக்காரர்கள் கண்காட்சி ஆட்டங்களில் ஒரே வாரத்தில் கொட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் பெற்றவர்கள் வராவிட்டால் சிறிய ஊர்களின் போட்டிகள் படுத்துவிடும். போர்க்கும் கண்காட்சி ஆட்டங்களை விடவில்லை. எனவே கட்டாயம் வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை. ஆனால் 15 வயதிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒருவர் மூச்சு வாங்க ஓர் ஆண்டு கேட்கிறார் என்பதையும், பணத்துக்காகப் போட்டியைத் தவிர்க்கிறார் என்பதையும் அந்த விதி ஒன்றாகவே பார்த்தது. விதி நெகிழ்ந்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரா? உள்ளே இருந்த நெருப்பு அணைந்துகொண்டிருந்தது என்று அவரே சொன்ன பிறகு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓய்ந்து எழ ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். பத்துக்கும் ஏழுக்கும் இடையில் இருந்தவை மூன்றே போட்டிகள். அவ்வளவு சிறிய இடைவெளியில் டென்னிஸ் தன் மிகப் பெரிய ஆட்டக்காரரை இழந்தது.

இன்றைய விதி இதற்கு நேர் எதிர். 31 வயது, 12 ஆண்டு ஆட்டம், 600 ஆட்டங்கள் என்ற மூன்று அளவுகோல்கள் இப்போது இருக்கின்றன. மூன்றையும் நிறைவேற்றியவருக்குக் கட்டாயப் போட்டிகளிலிருந்து விலக்கு உண்டு. போர்க் 26 வயதுக்குள்ளேயே 600 ஆட்டங்களைத் தாண்டிவிட்டவர். ரோஜர் ஃபெடரரைப் பாருங்கள். 2016 விம்பிள்டனுக்குப் பிறகு முழங்காலுக்காக ஆறு மாதம் ஒதுங்கினார். 2017 ஜனவரியில் 35 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் நடாலை ஐந்து செட்களில் வென்றார். அடுத்து களிமண் பருவம் முழுவதையும் விட்டுவிட்டார், யாரும் அவரைத் தகுதிச்சுற்றுக்கு அனுப்பவில்லை. அந்த ஆண்டே விம்பிள்டனையும் வென்றார். நோவக் ஜோகோவிச் 2023இல் மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்றார். முதலாவதின்போது அவருக்கு வயது 35, மற்ற இரண்டின்போது 36. 2024 ஒலிம்பிக் தங்கம் 37 வயதில். உடற்பயிற்சியாளர், உணவு ஆலோசகர், பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு குழுவே இவர்களோடு பயணம் செய்கிறது. போர்க்குக்கு பெர்கலின் ஒருவர்தான் எல்லாமும்.

இந்தக் காரணத்தால்தான் கானர்ஸின் நீட்சி எனக்கு ஃபெடரர், ஜோகோவிச் ஆகியோரின் நீட்சியைவிட வியப்பாக இருக்கிறது. அவருக்கும் அந்த வசதிகள் இல்லை. முதிய வயதில் உச்சியில் ஆடுவது அவர் காலத்தில் அரிதிலும் அரிது. அவருக்கு முன்னால் இருந்த பெரிய உதாரணம் கென் ரோஸ்வால். 1973, 1974 இரண்டு அமெரிக்க ஓப்பன் காலிறுதிகளிலும் விஜய் அமிர்தராஜை நிறுத்தியவர். 1974இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டின் இறுதிக்கும் 39 வயதில் வந்தார். அந்த இரண்டிலும் அவரை ஈவிரக்கமின்றி வென்றவர் 21, 22 வயதுக் கானர்ஸ்தான். நியூயார்க் இறுதியில் 6-1, 6-0, 6-1. அந்த நாளில் வலைக்கு எதிரே நின்ற மனிதரின் வயதை எட்டும்போது தானும் இதே போட்டியில் ஆடிக்கொண்டிருப்போம் என்று அந்த இளைஞர் நினைத்திருப்பாரா?

1990இல் கானர்ஸ் மூன்றே ஆட்டங்கள் ஆடினார், மூன்றிலும் தோல்வி. இடது மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை. தரவரிசை 900க்குக் கீழே போனது. வேறு யாராக இருந்தாலும் அதோடு முடித்துக்கொண்டிருப்பார்கள். 1991 பிரெஞ்சு ஓப்பனில் தன் வயதில் பாதிகூட இல்லாத மைக்கேல் சாங்கோடு ஆடி, நான்காவது செட்டை வென்று சமன் செய்தார். ஐந்தாவது செட்டின் முதல் புள்ளியையும் எடுத்த பிறகு உடல் முடியாமல் விலகினார். அமெரிக்க ஓப்பனுக்கு வைல்ட் கார்டில் வந்தபோது அவர் இடம் 174. முதல் சுற்றில் பேட்ரிக் மெக்கன்ரோவிடம் இரண்டு செட் பின்தங்கி, மூன்றாவதில் 0-3 என்றும் பின்தங்கி, பிறகு வென்றார். பாதி அரங்கம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது, மிச்சப் பாதி முடிவுவரை இருந்து பார்த்தது.

39ஆம் பிறந்தநாள் அன்று நான்காம் சுற்றில் ஆரோன் கிரிக்ஸ்டீன். ஐந்தாவது செட்டில் 2-5 என்று பின்தங்கியிருந்தார். நான்கு மணி நாற்பத்தொரு நிமிடம் கழித்து டைபிரேக்கில் முடித்தார். காலிறுதியில் டச்சுக்காரர் பால் ஹார்ஹெய்ஸ் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதிலும் 5-4 என்று சர்வீஸ் போடுகிறார். அந்த கேமில் ஒரு புள்ளி. கானர்ஸ் கோட்டுக்கு வெகு பின்னால் நின்று பந்தை உயரத் தூக்குகிறார், ஹார்ஹெய்ஸ் ஓங்கி அடிக்கிறார். மறுபடி தூக்குகிறார், மறுபடி ஓங்கி அடி. மூன்றாவது. நான்காவது. நான்கையும் கானர்ஸ் ஓடிப்பிடித்துத் திருப்பி, கடைசியில் முன்னே ஓடிவந்து பேக்ஹேண்டில் கோட்டை ஒட்டிப் பந்தைச் செலுத்துகிறார். அரங்கம் வெடித்தது. ஆட்டம் அந்த இடத்திலேயே திரும்பிவிட்டது. அரையிறுதியில் ஜிம் கூரியர் அவரை 6-3, 6-3, 6-2 என்று எளிதாக வென்றார். உடலில் மிச்சம் எதுவும் இல்லை. அதனால் என்ன? கூரியரின் அந்த வெற்றியைவிட ஹார்ஹெய்ஸுக்கு எதிரான அந்தப் புள்ளியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

அதே காலத்தில் போர்க் போட்டி போட்டியாகப் போய்த் தோற்றுக்கொண்டிருந்தார். 1991 முதல் 1993 வரை, திரும்பி வந்த பிறகு, சுற்றுப்பயணப் போட்டிகளில் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. கடைசியாக மாஸ்கோவில் அலெக்சாண்டர் வோல்கோவோடு மூன்றாவது செட் டைபிரேக்வரை போய்த் தோற்றார். அதைப் பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். இரக்கம் போர்க்குக்குப் பொருந்தாத ஒன்று. 1981இல் ஓய்வெடுத்துக்கொண்டு 1983இல் திரும்பியிருந்தால் அந்த உடலால் முடிந்திருக்கும். பத்தாண்டு கழித்து, ஆட்டத்தின் வேகமே மாறிவிட்ட நிலையில், முடியவில்லை. நீண்ட ஆட்டவாழ்வில் இடைவெளி எடுக்கலாம், நடாலும் ஃபெடரரும் எடுத்தார்கள். ஆனால் இவ்வளவு நீண்ட இடைவெளியை டென்னிஸ் எளிதில் மன்னிப்பதில்லை.

கணக்குப் போட்டால் இருவரும் இரண்டு வேறு மலைகள். போர்க் ஆடிய கிராண்ட்ஸ்லாம்கள் 27, அவற்றில் 16இல் இறுதிக்கு வந்து 11ஐ வென்றார். விம்பிள்டனில் 51 வெற்றி, 4 தோல்வி. கானர்ஸ் ஆடியவை 57, அரையிறுதிக்கு வந்தவை 31, வென்றவை 8. ஒரு கிராண்ட்ஸ்லாமுக்கு இத்தனை பட்டம் என்று விகிதம் பார்த்தால் போர்க் எங்கோ உயரத்தில் நிற்கிறார். ஆனால் அமெரிக்க ஓப்பனில் மட்டும் கானர்ஸ் வென்ற ஆட்டங்கள் 98. 1974 முதல் 1985 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் போட்டியின் அரையிறுதியில் அவர் இல்லாத ஆண்டு ஒன்றுகூட இல்லை. 1973 முதல் 1988 வரை பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து முதல் பத்து இடத்துக்குள் ஆண்டை முடித்தார். சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் போர்க் என்பேன். டென்னிஸுக்கு அதிகம் தந்தவர் யார் என்று கேட்டால் கானர்ஸ் என்பேன், அதிலும் தயக்கம் இல்லை.

இன்று இளம் வயதிலேயே கிராண்ட்ஸ்லாம் வெல்லும் பையன்கள் மறுபடி வந்துவிட்டார்கள். போட்டி நாட்காட்டியோ ஜனவரி தொடங்கி நவம்பர்வரை நீள்கிறது, பல பெரிய போட்டிகள் ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாளாக விரிந்துவிட்டன. விலக்கு விதி 31 வயதுக்காரரைப் பாதுகாக்கிறது, 22 வயதுக்காரரைப் பாதுகாப்பதில்லை. போர்க் களைத்துப்போனது 25 வயதில். இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓய்வு தர வேண்டும், வயதைப் பார்க்கக் கூடாது. ஏழு போட்டி போதும் என்று நாளை ஒரு சாம்பியன் சொன்னால் ஏழே போதும் என்று நிர்வாகிகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கானர்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1989இல், டெல் அவிவில், 37 வயதில். அத்தோடு அவர் பட்டங்கள் 109 ஆயின. ஃபெடரர் 103இல் நின்றுவிட்டார். ஆண்கள் டென்னிஸில் அந்த 109ஐ இன்னும் யாரும் எட்டவில்லை.